காலியான டேங்கில் 1,800 கிலோ!

2005 ஆகஸ்ட் 6. இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்குக் கிளம்பியது துனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம். பயணிகள் 34, பணியாளர்கள் 5. நடுவழியில், 23,000 அடி உயரத்தில் வலது எஞ்சின் நின்றது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் இடது எஞ்சினும் நின்றது. ஆனால் மீட்டரோ இன்னும் 1,800 கிலோ எரிபொருள் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது! இது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் அந்த விமானத்தின் எரிபொருள் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏடிஆர் 72 ஒரு டர்போபிராப் விமானம். அதாவது டர்பைன் எஞ்சின் சுழற்ற, புரொப்பல்லர் விமானத்தை இழுக்கும். இரண்டு இறக்கைகளிலும் ஆளுக்கொரு டேங்க். மொத்தம் சுமார் 5,000 கிலோ பிடிக்கும். இடது எஞ்சின் இடது டேங்கிலிருந்தும் வலது எஞ்சின் வலது டேங்கிலிருந்தும் குடிக்கும். தேவைப்பட்டால் நடுவில் உள்ள வால்வைத் திறந்து ஒரு பக்கத்து எரிபொருளை மறுபக்கத்துக்கும் கொடுக்கலாம்.

அளவை லிட்டரில் பார்க்காமல் கிலோவில் பார்ப்பது ஏன்? வெயிலில் எரிபொருள் விரியும், குளிரில் சுருங்கும். எஞ்சினுக்குக் கிடைக்கும் சக்தி எடையைப் பொறுத்தது. அதனால்தான் கிலோ கணக்கு.

இனி மீட்டருக்கு வருவோம். டேங்குக்குள் குழாய் போன்ற உணர்கருவிகள் நிற்கின்றன. இவை ஒருவகை மின்தேக்கிகள். சுற்றிக் காற்று இருந்தால் ஒரு மின் அளவு, எரிபொருள் இருந்தால் அதைப்போல சுமார் இரு மடங்கு. அந்த மின் அளவை, டேங்கின் வடிவத்தை வைத்துக் கிலோவாக மாற்றிச் சொல்வதுதான் விமானி அறையில் உள்ள மீட்டரின் வேலை. அதாவது மீட்டர் எரிபொருளை எடை போடுவதில்லை. "இந்த டேங்கில் இவ்வளவு மின் அளவு என்றால் இவ்வளவு கிலோ" என்று கணக்குப் போடுகிறது. டேங்க் மாறினால் கணக்கே மாறிவிடும்.

விபத்துக்கு முந்தைய நாள் துனிஸ் நகரில் மீட்டர் மாற்றப்பட்டது. பழையதில் எண்கள் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் காரணம். மாட்டியதோ, சிறிய விமானமான ஏடிஆர் 42-க்கு உரிய மீட்டர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே இடத்தில் பொருந்தும். உதிரிபாகங்களின் கணினிப் பதிவிலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம் என்று தவறாக இருந்தது. மாட்டியதும் 790 கிலோ 3,050 கிலோவாகிவிட்டது!

மறுநாள் கேப்டன் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். யாரோ இரவில் எரிபொருள் நிரப்பியிருக்கிறார்கள் என்றால் ரசீது இருக்க வேண்டுமே என்று கேட்டார். ரசீது கிடைக்கவில்லை. ஆனாலும் விமானம் கிளம்பியது. பாரியிலிருந்து புறப்பட்டபோது மீட்டரில் 2,700 கிலோ. டேங்கில் உண்மையில் சுமார் 570 கிலோதான்.

எரிபொருள் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டாமா? இங்கேதான் பெரிய சிக்கல். அந்த எச்சரிக்கையும் அதே மீட்டரின் கணக்கை நம்பித்தான் இயங்கியது. மீட்டர் பொய் சொன்னதால் விளக்கும் பேசாமல் இருந்துவிட்டது.

எரிபொருள் இருக்கிறது என்று நம்பிய விமானிகள் எஞ்சின்களை மறுபடி இயக்கவே முயன்றனர். புரொப்பல்லர் இதழ்களைக் காற்றின் எதிர்ப்பு குறையும்படித் திருப்பி வைத்தால் விமானம் அதிக தூரம் மிதந்து செல்லும். அது செய்யப்படவில்லை. சிசிலியின் பலேர்மோ விமான நிலையத்தை எட்ட முடியாமல் விமானம் கடலில் இறங்கி உடைந்தது. 16 பேர் இறந்தனர், 23 பேர் பிழைத்தனர்.

எச்சரிக்கை அமைப்பு மீட்டரைச் சாராமல் தனியாக இருக்க வேண்டும் என்று இத்தாலிய விசாரணைக் குழு பரிந்துரைத்தது. சாட்சி இரண்டு என்றால் இரண்டும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று சொன்னதையே மற்றொன்று திருப்பிச் சொன்னால் அது ஒரே சாட்சிதான். அன்று அந்த விமானத்தில் தனியாக உண்மை சொல்லக்கூடிய சாட்சி ஒன்றுதான் இருந்தது: கிடைக்காமல் போன அந்த ரசீது!