அறிவினாவும் அறியா வினாவும்: பள்ளி அறிவியல் கண்காட்சியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகிற பட்டியல்தான் இது. ஆனால் இந்த வகைப்பாட்டின் அடிப்படையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்று பவணந்தி பார்க்கவில்லை. கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார், கேட்பவருக்கு விடை ஏற்கெனவே தெரியுமா என்று பார்க்கிறார். 'இந்தப் பாட்டுக்குப் பொருள் என்ன?' என்று ஆசிரியர் கேட்டால் அறிவினா. அதே சொற்களை மாணவர் கேட்டால் அறியா வினா. ஆக, வினா என்பது ஓர் அதிகார உறவு. ஃபூக்கோ தேர்வு என்கிற நிறுவனத்தைப் பற்றிப் பேசியதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே நம்முடைய இலக்கணக்காரர் அதன் இலக்கணத்தை எழுதி வைத்துவிட்டார் என்று சொல்வது மிகை. அவருடைய கருவி நம் கையில் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இந்தக் கருவியோடு ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குள் நுழைந்து பார்க்கலாம். தெர்மோகோலில் வீடு, பச்சை பெயின்ட் அடித்த மரத்தூள் புல்வெளி, ஓரத்தில் மழைநீர்த் தொட்டி. அடுத்த மேசையில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்குகிற எரிமலை. அதற்கடுத்து பேட்டரியில் சுற்றும் காற்றாலை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குழந்தை நின்று ஒப்பிக்கிறது. நடுவர் கேட்கிற கேள்விக்கு விடை நடுவருக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும், மாதிரியைச் செய்து கொடுத்த அப்பாவுக்கும் தெரியும். எரிமலை பொங்குமா என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அறிவியலின் பெயரால் நடக்கிற இந்த நிகழ்வில் ஓர் அறியா வினாகூட இல்லை. இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

'கண்காட்சி' என்கிற சொல்லே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குக் காட்டுவது. யார், எதை, யாருக்குக் காட்டினார்கள்? 1851இல் லண்டனில் பேரரசின் செல்வமெல்லாம் கண்ணாடி மாளிகையில் பரப்பப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை அருங்காட்சியகமும் தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபருக்கு 1855இல் நடந்த சென்னைக் கண்காட்சியிலும் முக்கியப் பங்கு உண்டு. தென்னிந்தியாவின் மூலப் பொருள்கள், கைவினைகள், உற்பத்திகள் அங்கே வரிசைப்படுத்தி வைக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவர் குழு, பரிசு, அச்சிட்ட நடுவர் அறிக்கை. விளைவித்தவரும் நெய்தவரும் கேள்வி கேட்க அந்த இடத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர்களுடைய பொருள் மட்டும் வந்து மேசைமேல் உட்கார்ந்தது. மேசை, அட்டை, நடுவர், பரிசு என்கிற இந்த வடிவம் நமக்குப் பழகிய வடிவம்தான்.

அமெரிக்கக் கதையும் ஏறக்குறைய இதேதான். உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதற்காக 1828இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் என்கிற அமைப்பு, 19ஆம் நூற்றாண்டு முழுக்க விவசாய, இயந்திரச் சந்தைகளை நடத்தியது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1928இல், அதே அமைப்பு குழந்தைகளுக்கென்று ஒரு சந்தையை நடத்தியது. பள்ளி அறிவியல் கண்காட்சியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இதைத்தான். 1942இல் வெஸ்டிங்ஹவுஸ் என்கிற மின்சாதனக் கம்பெனியின் பணத்தில் அறிவியல் திறனறி போட்டி வந்தது. 1950இல் பிலடெல்ஃபியாவில் முதல் தேசிய அறிவியல் கண்காட்சி நடந்தது. 1957இல் சோவியத் ஸ்புட்னிக் மேலே போனதும் குழந்தையின் மேசை ராணுவத்தின் கவலையாகவும் ஆனது. சந்தை, கம்பெனி, அரசு என மூன்று கைகள் மாறி அந்த மேசை வந்திருக்கிறது.

இந்தியாவுக்கு இது வளர்ச்சி என்கிற பெருங்கதையாடலின் பகுதியாக வந்து சேர்ந்தது. 1961இல் என்.சி.இ.ஆர்.டி. தொடங்கியது. 1963இல் அறிவியல் திறனறித் தேர்வு. 1971இல் தில்லியில் குழந்தைகளுக்கான தேசிய அறிவியல் கண்காட்சி. நேரு நூற்றாண்டையொட்டி 1988இல் அது அவர் பெயரைப் பெற்றது, பிறகு பெயர் மீண்டும் மாறியது. இடையில் ஒரு வேடிக்கை. அறிவியல் மனப்பான்மையையும் தேடிக் கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் எழுதப்பட்டது 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாக. அதாவது நெருக்கடி நிலைக் காலத்தில். கேள்வி கேட்டவர்கள் சிறையில் இருக்கும்போது கேள்வி கேட்பது கடமையாக அறிவிக்கப்பட்டது. நன்னூல் வழியில் இதை ஏவல் வினா என்று சொல்லலாம்: 'கேள்வி கேட்டாயா?' என்று அரசு கேட்கிறது. கேட்பதற்காக இல்லை, ஏவுவதற்காக.

3

இந்த மேசைக்கு மாற்றாக இன்னொரு மரபும் உண்டு. மாணவர் தாமே கண்டுபிடிப்பவராக நின்று கற்கட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் வாதிட்டார். டூயியின் வழியில் கில்பேட்ரிக் 1918இல் செயல்திட்ட முறை பற்றி எழுதினார். காந்தியின் வார்தா கல்வி, 1937இல், கையையும் தறியையும் பாடத்தின் நடுவில் வைத்தது. இவற்றையெல்லாம்விட நமக்கு நெருக்கமானது ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் கிஷோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் கிராம மையமும் 16 பள்ளிகளில் தொடங்கிய முயற்சி அது. அங்கே பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. செய்துபார், எழுது, பக்கத்துக் குழுவோடு ஒப்பிடு, சண்டை போடு, அவ்வளவுதான். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்தியது. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருடம் நடந்த ஒன்றை நிறுத்த ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த மரபு மக்கள் அறிவியல் இயக்கத்தின் வழியாக வந்தது. கேரளத்தில் 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்மாதிரி. இங்கே 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இல் அதன் 'துளிர்' இதழ். 1993இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நாடு தழுவித் தொடங்கியபோது, தமிழகத்தில் அதை எடுத்து நடத்தியது அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுவரையிலான பிள்ளைகள், பள்ளிக்குப் போகாதவர்கள் உட்பட. தொடக்கத்தில் ஐந்து பேர் ஒரு குழு, பின்னாளில் இரண்டு பேர். ஒரு வழிகாட்டி. தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்துக் கவனித்து, அளந்து, கணக்கிட்டு, அறிக்கை எழுத வேண்டும். மாதிரி செய்து மேசையில் வைப்பது இங்கே முக்கியமில்லை. 'கண்காட்சி' போய் 'மாநாடு' வந்தது சாதாரண மாற்றமில்லை. மாநாட்டில் பேசுகிறவர்கள் தன்னிலைகள், கண்காட்சியில் இருப்பவை பொருள்கள்.

அறிவியலையே ஓர் அதிகாரச் சொல்லாடலாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடலாம். 1981இல் அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை வெளிவந்தபோது ஆஷிஸ் நந்தி எதிர் அறிக்கை எழுதினார். அறிவியலின் பெயரால் மக்களின் அறிவு ஒடுக்கப்படுவதை அந்த விவாதம் முன்னுக்குக் கொண்டுவந்தது. அது தேவையான விமர்சனம்தான். ஆனால் ஒரு சின்னச் சோதனையைத் திட்டமிட்டுச் செய்கிற குழந்தையை அந்த விமர்சனத்துக்குள் அடைத்துவிட முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

4

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேடு. சுற்றுவட்டாரமே ஏரிகளின் நிலம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு என்று நீர் போகிற வழி இருந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, வீடுகள் வந்தன, ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து மக்கள் இயக்கமாகத் திரண்டு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு மாநிலம் முழுக்கக் கட்டாயமானது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019 கோடையில் நகரமே லாரிக்குக் காத்து நின்றது. இங்கே வளர்கிற குழந்தைக்குத் தண்ணீர் பாடத்தில் வருகிற விஷயமில்லை. போர் தண்ணி, மெட்ரோ தண்ணி, கேன் தண்ணி என்று மூன்று சாதியாகப் பிரிந்து வீட்டுக்குள் வருகிற விஷயம்.

இந்தக் குழந்தை ஒருநாள் கேட்கிறது: 'எங்க வீட்டு போர் தண்ணியில சோப்பு ஏன் நுரைக்கவே மாட்டேங்குது?' இது சுத்தமான அறியா வினா. உதவுகிறவர் இந்த இடத்தில் செய்யக்கூடிய பெரிய கெடுதல் விடையைச் சொல்லிவிடுவது: 'கால்சியம், மக்னீசிய உப்புகள் இருக்கு, அதனால கடின நீர்.' கேள்வி செத்துவிடும். அதைச் சோதிக்கக்கூடிய கேள்வியாகக் குறுக்கித் தருவதுதான் உதவி: எந்தத் தண்ணீருக்கு எத்தனை சொட்டு சோப்பு வேண்டும்?

இனி நன்னூலின் கொடை வினா வேலை செய்கிறது. கொடுப்பதற்காகக் கேட்கிற கேள்வி. 'ஒரே மாதிரி பாட்டில் ஆறு இருக்கா?' இல்லையென்றால் கொடு. 'சொட்டு விட ஃபில்லர் இருக்கா?' 'எந்த சோப்பு?' டிடர்ஜென்ட் தூள் உதவாது. அது கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும். குளியல் சோப்பைச் சீவி, பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரே கரைசலையே கடைசிவரை பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் 100 மில்லி. ஒரு சொட்டு, பத்துக் குலுக்கு. நுரை ஒரு நிமிடம் நிற்கிறவரை சொட்டை எண்ணு. மாறுவது தண்ணீர் மட்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஒப்பிடுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து சராசரி எடு. பாட்டிலில் எண் மட்டும் ஒட்டு. எண்ணுகிறவருக்கு எது யார் வீட்டுத் தண்ணீர் என்று தெரியக்கூடாது, ஏன்னா நம் ஆசை விரலுக்குள் புகுந்து ஒரு சொட்டைக் கூட்டியோ குறைத்தோ விடும். பிறகு அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் மறுபடி செய். சொட்டு குறைந்தால் தற்காலிகக் கடினத்தன்மை, குறையாத மிச்சம் நிரந்தரக் கடினத்தன்மை. மே மாதம் ஒருமுறை, மழைக்குப் பின் டிசம்பரில் ஒருமுறை.

எதிர்பார்த்தது வராமல் போகும். 'மிஸ், மழைக்கு அப்புறமும் சொட்டு குறையல, என்ன பண்ணட்டும்?' 'குறையலன்னு எழுது.' இந்த ஒரு வரிப் பதிலில்தான் வழிகாட்டியின் நேர்மை முழுக்க இருக்கிறது. குறையாததற்குக் காரணம் கிணற்றின் ஆழமாக இருக்கலாம், மழைநீர் மண்ணுக்குள் இறங்காத தெருவாக இருக்கலாம். அது அடுத்த கேள்வி. அதோடு, சோப்பு நுரை எதைச் சொல்லாது என்பதையும் குழந்தை எழுத வேண்டும். கிருமி பற்றிச் சொல்லாது. தொழிற்சாலைக் கழிவில் உள்ள உலோகம் பற்றிச் சொல்லாது. நன்றாக நுரைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பொருளில்லை. தன் கருவியின் எல்லையைத் தானே எழுதுகிற பத்து வயதுப் பிள்ளை, அறிவியலின் பெயரால் எல்லாம் தெரியும் என்று சொல்கிற எந்த நிபுணருக்கும் எதிர்நிலையில் நிற்கிறது. நந்தியின் விமர்சனம் இந்தப் பிள்ளையைத் தொடாது என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

5

ஆனால் கொடை வினா எப்போதும் ஏவல் வினாவாகச் சரிந்துவிடும் நிலையில்தான் இருக்கிறது. 'சார்ட் எழுதிட்டியா?' 'முடிவு நல்லா வந்துச்சா?' மாநாடும் போட்டியானது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏற ஏற மேசை திரும்பி வந்தது, ஆங்கிலத்தின் கை ஓங்கியது. வழிகாட்டியின் பெயரும் பள்ளியின் பெயரும் பதக்கத்தோடு ஒட்டிக்கொண்டதும், கேள்வியை வழிகாட்டியே எடுத்துக்கொண்டார். 2008இல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பயர் திட்டம் பின்னாளில் பள்ளி மாணவரின் யோசனை ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று வந்தது. இப்போதைய சொல் 'புத்தாக்கம்'. யோசனை ஒரு சரக்காக வேண்டும், மாதிரி ஒன்று செய்து காட்ட வேண்டும். 1855 மீண்டும் வருகிறது என்று தோன்றினால் தவறில்லை.

இதில் இழப்பு யாருக்கு? காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாதிரி கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அதற்குப் பெரிய இழப்பில்லை. அடிபம்பிலும் தெருக்குழாயிலும் நின்று, எந்தத் தெருத் தண்ணீர் எப்போது மஞ்சளாக வரும் என்று தெரிந்துவைத்திருக்கிற பெண்பிள்ளைக்குத்தான் இழப்பு. அவளிடம் இருக்கிற அறிவுக்குக் கண்காட்சி மேசையில் இடமில்லை. சோதனைக் குறிப்பேட்டில் இடமுண்டு. ஆறு பாட்டில், ஒரு ஃபில்லர், ஒரு நோட்டு. செலவு நூறு ரூபாய்கூட வராது. ஆனால் அவள் எழுதுகிற அட்டவணையில் தெருவின் பெயரும் சொட்டுக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, யாருடைய தெருவுக்கு எந்தத் தண்ணீர் என்கிற கேள்வி தானாகவே எழும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் பள்ளியில் இல்லை, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இருக்கிறது. அறிவியல் கண்காட்சியில் தெர்மோகோல் இவ்வளவு காலம் தாக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எரிமலை யாரையும் கேள்வி கேட்காது.

ஆகவே குழந்தைக்கு உதவ முன்வருகிற ஆசிரியரும் பெற்றோரும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தாங்கள் கேட்கப்போவது எந்த வகை வினா என்பதைத்தான். விடை தெரிந்துகொண்டு கேட்டால் ஒப்பித்தல் கிடைக்கும். ஏவினால் சார்ட் கிடைக்கும். கொடுப்பதற்காகக் கேட்டு, கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றால், நமக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு குழந்தை திரும்பி வரும். அப்போது அதனோடு சேர்ந்து மண்டல அலுவலகத்துக்கு நாமும் போகத் தயாரா என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.