பஞ்சரத்னத்தின் படிகமும் விளிம்பில் குவியும் அலைகளும்

குவாண்டம் பாடங்கள் பெரும்பாலும் ஆற்றல் வெளியே கசியாத அமைப்புகளில் இருந்தே தொடங்குகின்றன. அதற்கான கணித நிபந்தனை, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹெர்மிட்டின் பெயரால் 'ஹெர்மிட்டியன்' எனப்படுகிறது. ஆனால் இயற்கையில் ஒளி உறிஞ்சப்படுகிறது, அணு சிதைகிறது. இத்தகைய இழப்பு உள்ளவையே ஹெர்மிட்டியன் அல்லாத அமைப்புகள்.

இத்துறையின் வேர்களில் ஒன்று பெங்களூரில் உள்ளது. சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். பஞ்சரத்னம் (1934-1969), ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளியை உறிஞ்சும் படிகங்களை ஆராய்ந்தார். படிகத்தில் ஒரு திசையில் செல்லும் ஒளி பொதுவாக இரண்டு வகை அலைகளாகப் பிரியும். சில தனித் திசைகளில் மட்டும் அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். இதை 1902ல் ஜெர்மானியர் வோய்க்ட் கணித்திருந்தார். 1955ல், 21 வயதில், பஞ்சரத்னம் இதை விரிவாக ஆராய்ந்து, அயோலைட் படிகத்தில் சோதித்தும் பார்த்தார். இன்று இந்நிலை 'விதிவிலக்குப் புள்ளி' எனப்படுகிறது.

அடுத்த பெரிய அடி 1996ல் விழுந்தது. ஹட்டானோ, நெல்சன் இருவரும், வலப்புறம் தாவுவதும் இடப்புறம் தாவுவதும் சமமாக இல்லாத ஒரு சங்கிலியை ஆராய்ந்தனர். ஆலத்தியூர் போன்ற சிமெண்ட் ஆலை ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய கன்வேயர் பெல்ட் வட்டமாக இருந்தால் கல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் முடிந்தால்? அங்கே குவியும். அலைகளும் அப்படித்தான். வளையத்தை வெட்டினால் அவை ஒரு முனையில் குவிகின்றன. 2018ல் யாவ், வாங் இருவரும் இதற்குத் 'தோல் விளைவு' என்று பெயரிட்டனர். 2020ல் மின்சுற்றுகளிலும் ஒளியிலும் இது சோதனையாகக் காட்டப்பட்டது.

தாவல் முழுக்க ஒரே திசையில் அமைந்தால், திறந்த சங்கிலியின் எல்லா நிலைகளும் ஒரே நிலையாகிவிடும். பஞ்சரத்னத்தின் படிகத்தில் இரண்டு அலைகள் ஒன்றானதன் பெரிய வடிவமே இது. ஆனால் பல எலெக்ட்ரான்கள் இருந்தால், பவுலி விதிப்படி, ஒரு நிலையில் ஒன்றுதான் இருக்க முடியும். எனவே அவை ஒரே இடத்தில் நெருக்காமல், முனையிலிருந்து வரிசையாக நிற்கும்.

பஞ்சரத்னம் 35 வயதில் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். உலகப் புகழ் அதற்குப் பிறகே வந்தது. 1986ல் ராமசேஷனும் நித்யானந்தாவும் அவருடைய வேறொரு கண்டுபிடிப்பை எடுத்துக்காட்டினர். 1994ல் மைக்கேல் பெர்ரி 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அவரைப் பாராட்டி எழுதினார். தோல் விளைவை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இழப்பைக் குறையாக ஒதுக்காமல் அதற்குள்ளேயே ஒரு புதிய விதியைத் தேடியவர்களில் அவர் முன்னோடி.