தொட்டி மீனும் ஏரி வாரியமும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர், புதிதாக வாங்கிய மீன் தொட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். பச்சைப் பசேலென்று செடிகள், நடுவே சிவப்புச் செர்ரி இறால்கள், கப்பி மீன்கள். "நம்ம ஸ்கூல் தொட்டி ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டிருந்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தங்க மீனைக் குளத்தில் வளர்த்தார்கள். ஆனால் கண்ணாடித் தொட்டியில் செடியையும் மீனையும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர். தங்க மீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாவதை 1850ல் எழுதினார். வாலிஸ்னேரியா இனச் செடிகள் நம் ஏரிகளிலும் உண்டு. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். நம் சென்னை மெரினாவில் 1909லேயே ஒன்று வந்துவிட்டது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இன்று சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான்.

தொட்டியில் இருக்கும் மீன்களுக்கும் ஊர் பெயர் உண்டு. கப்பி தென் அமெரிக்காவின் வடகரையையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்தது. அங்கிருந்து லண்டனுக்கு மாதிரி அனுப்பிய கப்பி என்பவரின் பெயரே 1866ல் மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கிருந்தும் மீன் வெளியே போயிருக்கிறது. திருவிதாங்கூர் மலை ஓடைகளில் ஓடிய ஒரு கெண்டையை 1865ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் பதிவு செய்து, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரை வைத்தார். மலையாளத்தில் அதைச் செங்கணியான் என்பார்கள். 'மிஸ் கேரளா' என்ற பெயரில் அது வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போன வேகத்தில், இன்று அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில் நிற்கிறது.

உள்ளே வந்த கதை இதைவிடச் சிக்கலானது. கொசுவை ஒழிக்கக் கப்பியை 1908 வாக்கிலும், கம்பூசியாவை 1928லும் கொண்டுவந்தார்கள். உணவுக்காக 1952ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குத் திலேப்பியா வந்தது. நாம் ஜிலேபி கெண்டை என்று சொல்லும் அதே மீன்தான். பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவந்த ஆகாயத்தாமரை என்ன செய்தது என்பதை எந்த ஏரிக்கரையிலும் பார்க்கலாம். கெட்ட எண்ணத்தில் யாரும் எதையும் கொண்டுவரவில்லை. தண்ணீரில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நானும் மறந்தேன்.

2009ல் மாணவர்கள் காசு சேர்த்து, வகுப்பறை ஓரத்தில் இரண்டடித் தொட்டி வைத்தோம். புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதே, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர் பெருக ஒரு மாதமாவது ஆகும் என்பதையெல்லாம் நாலைந்து மீன்களைச் சாகடித்த பிறகுதான் கற்றோம். பாசியைச் சுத்தம் செய்யும் என்று 'டேங்க் கிளீனர்' மீன் இரண்டு வாங்கிவந்தோம். விரல் நீளம் இருந்தவை இரண்டு வருடத்தில் ஒரு அடியைத் தாண்டின. கோடை விடுமுறை வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று பக்கெட்டில் எடுத்துப்போய் பக்கத்து ஏரியில் விட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜீவகாருண்யம் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசவும் செய்தேன்.

போன தை மாதம் அதே ஏரியில் மீன் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என்னை வலைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "வாத்தியாரே, இது இன்னா மீனுன்னு பாருங்க. விக்கவும் முடியல, திங்கவும் முடியல. வலையைக் கிழிச்சிப் போடுது." கரையில் முப்பது நாற்பது கிடந்தன. கவசம் போன்ற தோல், முள் துடுப்பு, உடம்பெல்லாம் வரி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் இரண்டு மீன்களின் வம்சமா, வேறு யாரோ விட்டதா, சொல்ல முடியாது. நான் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அமேசான் பக்கத்து மீன் அது. காற்றை விழுங்கிச் சுவாசித்து, சேற்றுத் தண்ணீரிலும் பிழைக்கும். பாசியோடு மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். எல்லாவற்றையும்விட, கரையைக் குடைந்து வளை தோண்டி அதில் முட்டையிடும். ஏரி என்பதே கரைதான். கரை போனால் ஏரி இல்லை.

இது உத்திரமேரூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தின் கரையில் வாழ்கிறோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919லும் 921லும் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு அந்தக் காலத்தில் பாசிப்பாட்டம் என்று பெயர். அந்த வருமானத்தை ஏரியைச் செப்பனிடவே ஒதுக்கிய ஊர்கள் உண்டு. மீன் ஏரியைக் காத்தது, ஏரி மீனைக் காத்தது.

அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் போடக்கூடாது. முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சைக்கும் கேட்டவன் நான். என் கணக்கை மட்டும் காட்டவில்லை. இன்று காட்டிவிட்டேன்.

தொட்டி வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாக வையுங்கள். தண்ணீர் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை ஒரு பிள்ளைக்குக் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. வாங்கும்போது, இது எவ்வளவு பெரிதாகும் என்று மட்டும் கேளுங்கள். வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வேறு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் எதிலும் விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா மீன் கிடைத்தது. அதனால் திறந்தவெளித் தொட்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் கவனமாக இருங்கள். கழித்த செடிகளைச் சாக்கடையில் போடாமல் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கிணற்றில் கொசுப்புழு இருந்தால் கப்பியைத் தேட வேண்டாம். தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்தண்ணீரில் நீந்தும் நம் வாய்க்கால் குஞ்சு மீனே அந்த வேலையைச் செய்யும்.

அன்று அந்தக் கரையில் கைதட்டிய பிள்ளைகளில் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அன்றைக்கு நான் நடத்திய பாடம் தப்பு. திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அந்த வலைக்காரரைப் பார்த்து நேரிலும் சொல்லப்போகிறேன்.