பந்தும் புத்தகமும்

“விளையாடித் திரிந்தான், வீணாய்ப் போனான்” என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. “புத்தகப் புழுவுக்கு மைதானத்தில் என்ன வேலை?” என்று இளைஞர்கள் கேலி செய்வதுமுண்டு. இவ்விரு பேச்சும் பிழை என்று வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் மைக்கேல் ஓரியார்ட்.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் 1948-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அவ்வூரில் சேசு சபைக் குருக்கள் நடத்தும் கொன்சாகா உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். கொன்சாகா என்பது வேறு யாருமல்ல. மாணவரின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஞானப்பிரகாசியாரின் குடும்பப் பெயரே.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருச்சிலுவைச் சபையார் 1842-இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அப்பல்கலைக்கழகம் பெரும் புகழ் பெற்றது. அந்த ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. திறமையாளரைத் தேடிப் பிடித்து, உதவித்தொகை கொடுத்து அழைத்து வருவது அங்கே வழக்கம். ஓரியார்டை யாரும் அழைக்கவில்லை. தாமாகவே சென்று வாய்ப்புக் கேட்டுக் குழுவில் சேர்ந்தார், உழைத்து உயர்ந்தார், 1969-ஆம் ஆண்டில் அணியின் இரு தலைவர்களுள் ஒருவரானார்.

அவர் ஆடிய இடம் ‘சென்டர்’. குனிந்து நின்று பந்தைப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, பாய்ந்து வரும் எதிரிகளைத் தம் உடலால் தடுப்பதே அவர் வேலை. ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் அவரே. ஆனால் கைதட்டல் பந்தோடு ஓடுபவருக்கே கிடைக்கும்!

படிப்புக் கெடும் என்பதால் நோட்டர் டேம் அணி பருவ இறுதியில் நடக்கும் சிறப்புப் போட்டிகளுக்கு 1925 முதல் 45 ஆண்டுகளாகப் போகாமலே இருந்தது. அந்த விரதம் முடிந்தது 1970 ஜனவரி முதல் நாளில், டல்லாஸ் நகரின் ‘காட்டன் பவுல்’ போட்டியில். டெக்சாஸ் பல்கலைக்கழகம் 21–17 என்ற கணக்கில் வென்றது. தோற்ற அணியின் தலைவர்களுள் ஓரியார்டும் ஒருவர்.

அதே ஆண்டு கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. நாட்டின் முதன்மைப் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்த அணி அது. வேறொருவராயின் புத்தகத்தை அன்றே மூடியிருப்பார். ஓரியார்ட் மூடவில்லை. ஆட்டப் பருவத்தில் மைதானம். பருவம் முடிந்ததும் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆராய்ச்சி. இவ்வாறே 1973 வரை நான்கு பருவங்கள் கழிந்தன.

1974-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டே சீஃப்ஸ் அணி அவரை விடுவித்தது. கனடாவின் ஹாமில்டன் அணியில் சிறிது காலம் ஆடியதோடு அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது. அப்போது வயது 26. வாழ்வின் வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது போன்ற நேரம். ஆனால் அவருக்கு வேறொரு கதவு திறந்திருந்தது. யாரும் இரக்கப்பட்டுத் திறந்த கதவன்று. நான்கு ஆண்டுகளாக அவரே சிறுகச் சிறுகத் திறந்து வைத்த கதவு. 1976-இல் டாக்டர் பட்டம் பெற்று, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இலக்கிய ஆசிரியரானார். 2013-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

பேராசிரியரான பின் அவர் மைதானத்தை மறக்கவில்லை. 1982-இல் தம் ஆட்ட நாட்களைப் பற்றி ‘இலையுதிர் காலத்தின் முடிவு’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். கல்லூரி மாணவர் விளையாட்டைப் பத்திரிகைகள் எவ்வாறு நாடறிந்த பெரும் காட்சியாக வளர்த்தன என்பதை 1993-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார்.

2009-இல் வந்த நூலில் ஓர் அநீதியைச் சுட்டிக்காட்டினார். விளையாட்டு மாணவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டிருந்த உதவித்தொகை, 1973-இல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாக மாற்றப்பட்டது. சரியாக ஆடாதவனுக்கு அடுத்த ஆண்டு உதவி நின்றுபோகலாம். அன்று முதல் மாணவன் பயிற்சியாளருக்குக் கட்டுப்பட்ட வேலையாள் போலானான் என்பது அவர் வாதம். பல ஆண்டுகளுக்கு உறுதியான உதவித்தொகை வழங்கக் கல்லூரிகளுக்கு 2012-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

இதைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? விளையாட்டை அறியாதவர் சொல்லியிருந்தால் பொறாமை என்றிருப்பர். வெறும் ஆட்டக்காரராயிருந்தால் சான்றுகளைத் தேடித் தொகுத்து எழுதியிருக்க முடியாது. மைதானம் அவருக்கு அனுபவம் தந்தது. நூலகம் அதைச் சொல்லும் மொழியைத் தந்தது.

இளைஞர்களே! கால்களில் வலுவுள்ளபோது நன்றாக ஓடுங்கள், ஆடுங்கள். வெற்றிக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஆனால் ஆட்டம் முடியும் நாள் எவருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்த நாள் வரும்போது உங்கள் கையில் ஒரு புத்தகமும் இருக்கட்டும்.