முப்பது கேள்விகளின் பயணம்

பெரிய லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். அந்த விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் கல்லூரி மாணவர்களிலேயே பலர் ‘லாரிதான்’ என்று விடை எழுதுகிறார்கள்.

இப்படியான கேள்விகளைக் கொண்ட வினாத்தாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் முதல் வடிவத்தை இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டனஸும் 1985இல் வெளியிட்டார்கள். கணக்குப் போடத் தேவையில்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கூடவே நிற்கும் தவறான விடைகள், முந்தைய மாணவர்கள் தம் கைப்பட எழுதியவற்றிலிருந்து பொறுக்கியவை. அதனால் ஈர்க்கும். அங்கே நான்கு பேராசிரியர்கள் நான்கு பாணியில் பாடம் நடத்தியும், இந்தத் தாளில் மாணவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது.

1990இல் ஹல்லூன், ஹெஸ்டனஸ் கட்டுரைகள் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூரின் கண்ணில் பட்டன. தன் மாணவர்களுக்கு இது எளிது என்று நம்பித் தேர்வை வைத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டார். மதிப்பெண்களும் மஸூரைத் திகைக்க வைத்தன. அதன்பின் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார். மாணவர்கள் தனியாக யோசித்து விடை சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்வார்கள்.

வினாத்தாள் 1992இல் செப்பனிடப்பட்டு ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ (விசைக் கருத்துப் பட்டியல்) என்று பெயர் பெற்றது. 1995இன் திருத்தத்தில் கேள்விகள் முப்பதாயின.

1998இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக், இந்தத் தாளையும் அதன் முன்னோடியையும் எழுதிய 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். மொத்தம் 62 வகுப்புகள். தொடக்கத்தில் நூற்றுக்குச் சராசரியாக 40 வாங்கிய வகுப்புக்கு இன்னும் 60 பாக்கி. அதில் எவ்வளவு பிடித்தது என்பதே ஹேக்கின் அளவுகோல். வழக்கமான விரிவுரை வகுப்புகள் பாக்கியில் சராசரியாக 23 சதவீதத்தைப் பிடித்தன. மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகள் 48 சதவீதம்.

தாள் எதை அளக்கிறது என்ற சர்ச்சையும் எழுந்தது. ஆனாலும் வேதியியல், உயிரியல், புள்ளியியல் துறைகள் தமக்கான வினாத்தாள்களைத் தயாரித்துக்கொண்டன. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மாணவர்கள் இத்தகைய தாள்களை எழுதுகிறார்கள். பல இடங்களில் அந்த மதிப்பெண் அவர்களின் தேர்ச்சிக் கணக்கில் சேர்வதில்லை. இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியரின் கணக்கு.