பழந்துப்பாக்கியின் கட்டையும் அதன் மெருகும்

போர்க்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இரும்பையே நோக்குகின்றனர். குழலின் நீளம், குண்டின் எடை, விசையின் அமைப்பு ஆகியனவே நூல்களில் இடம்பெறுகின்றன. அக்குழலைத் தாங்கிச் சுடுவோனின் தோளிற் பொருந்தும் மரக்கட்டையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், ஒரு பழந்துப்பாக்கி எங்கே ஆக்கப்பட்டது, எத்தகையோர் கையில் இருந்தது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு அம்மரம் தரும் சான்று இரும்பு தரும் சான்றினும் குறைந்ததன்று. கட்டையின் பழைய மெருகை மீட்கப் புகுவோர் அச்சான்றைக் காப்பதும் உண்டு. தம்மை அறியாமலே அழித்துவிடுவதும் உண்டு. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம்.

அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திலே ஸ்பிறிங்பீல்ட் என்னும் நகரம் உளது. அங்கே 1794ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசாங்கப் படைக்கலச்சாலை 1968இல் மூடப்படும்வரை அந்நாட்டுப் படைகளுக்காகப் பணிபுரிந்தது. தொடக்கத்தில் வினைஞர்கள் உளி முதலிய கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டையையும் கையாலேயே செதுக்கினர். உருண்டை வடிவான பொருளைக் கடைதல் எளிது. வளைவும் நெளிவும் உடைய துப்பாக்கிக் கட்டையை எவ்வாறு கடைவது? அவ்வினாவுக்கு விடை கண்டவர் தோமஸ் பிளான்சாட். 1819இல் அவர் உரிமை பெற்ற கடைசற்பொறியிலே மாதிரிக்கட்டை ஒன்றும் செதுக்கவேண்டிய மரமும் ஒருசேரச் சுழலும். மாதிரியின் மேடுபள்ளங்களைத் தடவிச் செல்லும் சில்லு, வெட்டும் சில்லை அதற்கேற்ப இயக்கும். இவ்வாறு ஒன்றையொன்று ஒத்த கட்டைகள் ஆயிரக்கணக்கில் உருவாயின.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடைபெற்ற உள்நாட்டுப் போரில் பெருந்தொகையாக வழங்கிய 1861ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியின் கட்டை கறுப்பு அக்ரூட் மரத்தாலானது. அதற்குப் பூசப்பட்டது ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் போல் அது நீர்மமாகவே நின்றுவிடுவதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும் இயல்புடையது. மரத்தின் நுண்துளைகளிற் புகுந்து அங்கேயே உறைந்துவிடும். ஆகவே, போர்வீரன் பெற்ற கட்டை கண்ணாடிபோற் பளபளக்கவில்லை. அடங்கிய ஒளியுடன் விளங்கியது. கட்டையின் இடப்பக்கத்திலே, சோதித்து ஏற்றுக்கொண்டமைக்கு அறிகுறியாகச் சோதனையாளரின் பெயர் முதலெழுத்துகள் முத்திரையாக அழுத்தப்பட்டன. ஸ்பிறிங்பீல்டின் தலைமைக் கருவிவினைஞரான எர்ஸ்கின் அலின் என்பவரைக் குறிக்கும் "ஈ. எஸ். ஏ." என்னும் முத்திரை அவற்றுட் பெயர்பெற்றது.

போர் முடிந்தபின் இத்துப்பாக்கிகள் பல வீட்டுச் சுவர்களை அடைந்தன. அழகு கருதிச் சிலர் அவற்றுக்கு அரக்கு மெருகும் வார்னிஷும் பூசினர். இப்பூச்சை நீக்கிப் பழைய தோற்றத்தைக் காண விழைவது தவறன்று. ஆனால், நீக்கும் முறையிலேதான் இடர் உளது.

மணற்கடதாசியால் தேய்ப்பவர் வார்னிஷை மட்டும் நீக்குவதில்லை. அதன் கீழுள்ள பழைய எண்ணெய் மெருகையும், முத்திரையையும், மரத்தின் மேற்றோலையும் சேர்த்தே நீக்கிவிடுகிறார். முதலிலே இரும்புத் தகட்டினும் சற்று உயர்ந்து நின்ற மரம், தேய்த்தபின் அத்தகட்டினும் தாழ்ந்துவிடும். அனுபவமுடையோர் இக்குறியைக் கண்டதுமே நடந்ததை உணர்ந்துகொள்வர்.

மற்றொரு முறை நீராவி முறை. ஈரத்துணியை வைத்துச் சூடேற்றினால், அமுங்கிய மரநார்கள் நீரை உறிஞ்சிப் பருத்து மேலெழும், வடுக்கள் மறையும். இது வியப்பான வித்தையே. ஆனால் முத்திரை என்பது என்ன? அதுவும் மரத்தை அமுக்கி உண்டாக்கிய ஒரு வடுவன்றோ! நீராவிக்கு இரண்டும் ஒன்றே. பகைவரின் தாக்குதலால் உண்டான தழும்பையும் அலினின் எழுத்துகளையும் அது வேறுபடுத்தி அறியாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலிற் பூச்சின் தன்மையை அறிதல் வேண்டும். அரக்கு மெருகு மதுசாரத்திற் கரையும். ஆகவே, கட்டையின் அடியிலுள்ள இரும்புத்தகட்டின் மறைவிலே ஒரு சிறு துளியால் சோதிக்கலாம். பிற்காலத்துப் பூச்சு அதுவே எனத் தெளிந்தால், மென்துணியால் சிறிது சிறிதாகத் துடைத்தெடுத்து, பழைய மெருகு தோன்றியதும் நிறுத்திவிடவேண்டும். மரம் மிகவும் வறண்டிருந்தால் மட்டுமே ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்துவிடலாம். அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தல் ஆகாது. இறுகும்போது உண்டாகும் வெப்பத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும்.

வீரன் ஒருவன் ஓய்வு வேளையிற் கத்தியாற் கீறிய பெயரெழுத்து, நெடுநாள் கைபட்டுக் கறுத்த இடம், கன்னம் உராய்ந்து மழமழத்த பகுதி ஆகியன குறைகளல்ல. நேயர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பிளான்சாட்டின் பொறி எல்லாக் கட்டைகளையும் ஒன்றுபோல் ஆக்கியது. அவற்றுள் ஒன்றை மற்றொன்றினின்றும் வேறுபடுத்தியவை மனிதர் கைகளும் காலமுமே. அவ்வேறுபாட்டைத் தேய்த்தகற்றிவிட்டுப் "புதியதுபோல் ஆயிற்று" என்று மகிழ்வோர், வரலாறு தொடங்குமுன் இருந்த வெறுங்கட்டையையே மீட்டவராவர். புதிய எண்ணெயை எவரும் எந்நாளும் பூசலாம். நீக்கிய பழைமையை மீண்டும் பூச எவராலும் இயலாது.