நெஞ்சறையும் கிறீன் வைத்தியரும்

தமிழிலே நெஞ்சென்னும் சொல் உள்ளத்தையும் குறிக்கும், மார்பையும் குறிக்கும், பேச்சு வழக்கிலே தொண்டையையும் குறிப்பதுண்டு. கண்டி மாநகரின் மஹய்யாவப் பகுதியில் வாழும் தொழிலாளி ஒருவர் "நெஞ்சு அடைக்குதுங்க" என்று வைத்தியரிடம் கூறுவாராயின், அஃது இருதய நோவோ, சளியின் அடைப்போ, மூச்சிரைப்போ என வினாவித் தெளிதல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் தொய்வு என்பதை மலையகத்தார் இழுப்பு என்பர். ஆதலின், நெஞ்சறையின் உறுப்புக்களையும் நோய்களையும் தமிழில் விளக்குதல் மொழிப்பற்றின்பாற் பட்டது மட்டுமன்று. உயிர்காக்கும் தொழிலின்பாற் பட்டதுமாகும். இதனை நன்குணர்ந்து செயலாற்றியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்திலே 1822 ஆம் ஆண்டு பிறந்த இவர், 1847 இல் மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்ததோடு வைத்திய மாணாக்கரையும் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பயின்றோர் தம் ஊர்மக்களிடையே தங்கிப் பணிபுரிதல் வேண்டுமெனக் கருதி, 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பிக்கலானார். கலைச்சொற்களை முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடினார். இரண்டிலும் அகப்படாதவற்றையே ஆங்கிலத்தினின்றும் எடுத்துத் தமிழெழுத்தில் அமைத்தார். மாணாக்கர் துணையோடு 1867 இல் இரணவைத்தியமும், 1872 இல் கிறே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன.

அங்காதிபாத அறிவு வைத்தியர்க்கு எங்ஙனம் உதவும்? மார்புக்கூட்டிலே 12 சோடி விலாவெலும்புகள் உள. அவற்றின் கீழ் விளிம்பையடுத்தே நாடியும் நாளமும் நரம்பும் செல்கின்றன. எனவே, சுவாசப்பையைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வுகளிடையே நீர் தேங்கின், அதனை எடுக்கும் ஊசியை விலாவின் மேல் விளிம்பையொட்டியே செலுத்துவர். சுவாசக்குழாயின் வலக்கிளை அகன்றும் செங்குத்தாயும் இருத்தலின், குழந்தையின் மூச்சுவழியிற் புகுந்த கச்சான் பருப்புப் பெரும்பாலும் வலப்புறமே இறங்கும். மூச்சை உள்ளிழுக்குந்தோறும் குத்தும் நோவு அச்சவ்வின் அழற்சியைக் காட்டலாம். நடுமார்பை அமுக்கி இடக்கையிற் பரவும் நோவு இருதய நோயாகலாம். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் கசநோய் உண்டோவெனச் சளியைச் சோதித்தல் வேண்டும். இவ்வேறுபாடுகள் முதற்கண் நோயாளியின் வாய்ச்சொல்லாலேயே புலப்படும். குழல்வைத்துக் கேட்டலும் கதிர்ப்படமும் அதன் பின்னரே வருவன.

கிறீன் 1873 இல் தாயகம் திரும்பி, 1884 இல் மறைந்தார். அவர் தொடக்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. பேராதனை முதலிய மருத்துவ பீடங்களும் இன்று அவ்வாறே கற்பிக்கின்றன. உலக அறிவோடு ஒட்டி ஒழுகுதற்கு அது வேண்டற்பாலதே. ஆயினும், ஆங்கிலத்திற் கற்ற வைத்தியரும் நோயாளியின் மொழியிலேதான் நோயைக் கேட்டறிதல் வேண்டும். தொய்வையும் இழுப்பையும் ஒன்றென அறியும் வைத்தியரும், நெஞ்சினுள் இருதயம் வேறு, சுவாசப்பை வேறு என அறியும் பொதுமக்களும் பெருகுவராயின், மானிப்பாயிலே கிறீன் இட்ட வித்து மஹய்யாவவிலும் பயன்தரும்.